கொம்பையா ராசாவின் மணிக்கட்டு

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. பெரிய சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருள வைக்கிற சிரிப்பு. ஆனால் அது இப்போது கிடைக்காது. முன்வரிசையில் அதற்குள் பல்லைக் காட்டுகிறவர்கள் வாயை மூடிக்கொள்ளுங்கள். கேட்டால் கிடைக்கிற சாமான் இல்லை அது. காத்திருந்தால்தான் வரும்.

யானை கைகாட்டியவனெல்லாம் ராசா ஆகிவிடுகிற காலம் அது. ஈச்சங்கோட்டை ராசா பிள்ளையில்லாமல் செத்துப்போனார். பட்டத்து யானையின் தும்பிக்கையில் ஒரு மாலையைக் கொடுத்துத் தெருவில் விட்டார்கள்.

யானை, மந்திரி வில்வநாதரின் அக்காள் மகனைத் தாண்டிப் போனது. பட்டுக்குடை பிடித்து நின்ற பண்டிதரைத் தாண்டிப் போனது. கோட்டை வாசலையும் தாண்டி ஆற்று மணலுக்குப் போனது. அங்கே கரும்பு வண்டி அச்சுவரை புதைந்து கிடந்தது. அதைத் தோளால் நெம்பிக்கொண்டிருந்த வண்டிக்காரன் கொம்பையாவின் கழுத்தில் மாலை விழுந்தது. மாலையைப் போட்ட கையோடு யானை பாதி வண்டிக் கரும்பைத் தின்றது. அது ராசாவைத் தேடி வந்ததா, கரும்பைத் தேடி வந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை.

சிரிக்காதீர்கள். அது இல்லை இது.

வண்டி ஏன் மணலில் போனது? அரண்மனைக்காரர்களின் மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று, சக்கரம் வைத்த எதுவும் ராசவீதியில் வரக்கூடாது என ஒரு பழைய சட்டம் இருந்தது. அந்த மணலில் கால் முறிந்து செத்த மாடுகள் ஏராளம். கொம்பையாவின் சுழியன் என்ற காளையும் அங்கேதான் செத்தது. அதனால் முடி சூடியதும் அவர் போட்ட முதல் உத்தரவு: "வண்டியெல்லாம் இனி வீதி வழியாப் போகலாம்லே!"

வீதியில்தான் மந்திரி வீடு. மறுநாள் மத்தியானம் கடகட, கடகட, கடகட. மந்திரிக்குத் தூக்கம் போயிற்று. அவர் மூக்காலேயே பேசுகிறவர். அரண்மனைக்கு வந்து மூக்கை உறிஞ்சினார்.

"க்கும்! மகாராசா! ஒரு சம்பிரதாயம் பாக்கி இருக்கிறதே! க்கும்! தை பிறப்பதற்குள் புது ராசா பட்டத்துக் குதிரையில் வீதி சுற்றி வர வேண்டும். கடிவாளத்தில் தோல்வார் கூடாது. பூச்சரம்தான். குதிரை திரண்ட நடை நடக்க வேண்டும். சரம் அறுந்தால், மாலை மறுபடியும் யானை கைக்குப் போகும்."

இந்த முறை கரும்பு யார் கையில் இருக்கும் என்று சொல்ல வேண்டுமா? அக்காள் மகன் அன்றைக்கே ஒரு கட்டு வாங்கி வைத்துவிட்டான். அவன் ராசாவானால் பழைய சட்டம் திரும்பி வரும். வண்டிகள் திரும்ப மணலுக்குப் போகும்.

கொம்பையா லாயத்துக்கு ஓடினார். குதிரைகளைப் பழக்குகிறவள் காத்தாயி. அவர் வயதுதான் இருக்கும். வாயில் எப்போதும் வெற்றிலை. அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"திரண்ட நடைன்னா என்ன தாயி?"

"பூனை தாவுறதுக்கு முன்னாடி உடம்பைச் சேர்த்து வச்சுக்குமே, பாத்திருக்கீங்களா? அது மாதிரி குதிரை தன்னைச் சேர்த்துக்கணும். பின்னங்கால் வயித்துக்கு அடியில வரணும், முதுகு எழும்பணும், கழுத்து வளையணும். அப்படி நடந்தா வாய்க்கு நூல் போதும். சேர்த்துக்காத குதிரைக்கு நாலு காலும் நாலு ஊருக்குப் போகும். இரும்புச் சங்கிலி போட்டாலும் நிக்காது."

"இவ்வளவுதானே!" என்று கொம்பையா ஏறினார். வண்டிக்காரருக்குத் தெரிந்தது வண்டிதான். "ஹை! த்தா த்தா!" என்று பின்னால் கையை நீட்டிக் குதிரையின் வாலை முறுக்கினார்.

சாணிக் குவியல் பக்கத்திலேயே இருந்தது நல்லதாகப் போயிற்று. லாயத்து ஆட்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒன்றுமில்லை.

மறுநாள் வாலை விட்டார், வாரைப் பிடித்தார். மாட்டின் மூக்கணாங்கயிற்றை இழுக்கிற மாதிரி இழுத்தார். இழுத்துக்கொண்டே குதிகாலால் உதைத்தார். கை 'நில்' என்றது, கால் 'போ' என்றது. பாவம், குதிரை எதைக் கேட்கும்? ஒட்டகம் போலத் தலையைத் தூக்கி, முதுகைப் பள்ளமாக்கி, பக்கவாட்டில் நடந்து போய் ராசாவைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டது. ஆட்கள் மறுபடியும் வானத்தைப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் அவர் இழுத்த இழுப்பில் தோல்வார் அறுந்தே போயிற்று. எருமைத்தோல் வார்!

அன்று யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. எருமைத்தோலை அறுக்கிற கையில் மல்லிகைச் சரம் என்னவாகும்? கொம்பையா தொழுவத்துக்குப் போய்த் தன் காளைகள் இரண்டின் நெற்றியையும் தடவினார். "மயிலை, செவலை... நமக்குத் திரும்பவும் மணலுதான்டா" என்றார்.

காத்தாயி அதைப் பார்த்தாள். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"மகாராசா, கையைத் தளர விட்டா என்ன?"

"விட்டா விழுந்துருவேன் தாயி."

"சரி, அப்போ இழுங்க. நல்லா இழுங்க. உங்க பலத்துக்குத் தகுந்த கயிறா நான் கட்டித் தர்றேன்."

குதிரையின் கழுத்தில் தொடங்கிச் சேணத்தின் முன்பக்கம்வரை மூடுகிற மாதிரி ஒரு பெரிய பட்டுத்துணி போர்த்தினாள். அதற்கு அடியிலிருந்து தேர்வடம் போல ஒரு கயிறு வெளியே வந்தது. கொம்பையா ஏறி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

என்ன ஆச்சரியம்! குதிரை தலையைத் தூக்கவில்லை. பக்கவாட்டில் போகவில்லை. அவர் இழுக்க இழுக்க, அவருடைய இடுப்புதான் சேணத்தில் அழுந்தியது.

"இழுங்க, ஆனா இடுப்பை இறுக்காதீங்க. கெண்டைக்காலை அது வயித்தோட ஒட்டி வைங்க. உதைக்காதீங்க. மூச்சை விடுங்க மகாராசா, செத்துப்போயிராதீங்க" என்று காத்தாயி கூடவே நடந்தாள்.

அப்படியே பல நாள் போயிற்று. ஒரு நாள் காலை, அடுப்பில் பால் பொங்கி வருகிற மாதிரி குதிரையின் முதுகு அவருக்கு அடியில் எழும்பியது. பின்னங்கால்கள் வயிற்றுக்கு அடியில் வந்தன. கழுத்து வில்லாக வளைந்தது. தப், தப், தப் என்று அது நடந்த நடையில் ராசாவின் தலைப்பாகைக் குஞ்சம்கூட ஆடவில்லை.

"பாத்தியா தாயி என் மணிக்கட்டை!"

"பாத்தேன் மகாராசா."

வைக்கோல் போருக்குப் பின்னால் ஆட்கள் ஒவ்வொருவராக மறைந்தார்கள். காற்றே இல்லை, வைக்கோல் போர் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அரண்மனையில் மணிக்கட்டுப் பேச்சுதான். சமையல்காரனிடம் மணிக்கட்டைக் காட்டினார். அவைப் புலவரிடம் காட்டினார். புலவர் "மலையை மடக்கிய மணிக்கட்டே!" என்று தொண்டை கிழியப் பாடினார். கடைசியில் அந்தக் கைக்கு ஒரு தங்கக் காப்பும் செய்து போட்டுக்கொண்டார். ஆனால் நல்ல மனசு. சாயங்காலமானால் குதிரையின் வாயோரத்தில் தன் கையாலேயே நல்லெண்ணெய் தடவிவிடுவார். "ஏலே, ரொம்ப வலிக்குதா? என் பலம் அப்படிலே. பொறுத்துக்கோ." குதிரை எண்ணெயை நக்கிக்கொண்டு பேசாமல் நிற்கும்.

இன்னும் சிரிப்பு வரவில்லையே என்கிறீர்களா? வருகிறது, வருகிறது. தெருமுனையில் திரும்பிவிட்டது.

சோதனை நாள். ஊரே வீதியில். வாழைநாரில் தொடுத்த மெல்லிய சரத்தை மந்திரியே கடிவாளத்தில் கட்டினார். "க்கும்! பூச்சரம் தவிர வேறு கயிறு குதிரை வாய்க்குப் போனால் ராசா தோற்றார் என்று அர்த்தம்!"

கொம்பையா காத்தாயியின் காதில் கேட்டார்: "நம்ம கயிறு?"

"பட்டுக்கு அடியில அது பாட்டுக்குக் கிடக்கட்டும். நீங்க தொடாம இருந்தாச் சரி."

"தொட மாட்டேன். சத்தியமா."

இடது கையில் சரத்தைக் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு புறப்பட்டார்.

முதல் முனையில் மந்திரியின் ஆட்கள் பறையைப் படபடவென்று அடித்தார்கள். குதிரை நடுங்கியது. கொம்பையா மூச்சை விட்டார். குதிரையும் விட்டது. சரம் அறவில்லை.

இரண்டாம் முனையில் நடுவீதியில் பச்சைப்புல் குவிந்திருந்தது. குதிரை மூக்கை நீட்டியது. கொம்பையா கெண்டைக்காலை ஒட்டினார். குதிரை தன்னைச் சேர்த்துக்கொண்டு தாண்டிப் போயிற்று. சரம் அறவில்லை.

மூன்றாம் முனையில் மந்திரி எதுவும் செய்யவில்லை. அங்கே நின்ற மயிலையும் செவலையும் எசமானைப் பார்த்துவிட்டன. "ம்ம்ம்மா!" வண்டியோடு பாய்ந்து குறுக்கே வந்தன. கூட்டம் சிதறியது.

"ஏலே மயிலை! நில்லுடா!" வாயோடு கையும் முந்திக்கொண்டது. வலது கை பட்டுக்கு அடியில் போய்க் கயிற்றைப் பிடித்தது. எருமைத்தோல் அறுத்த அத்தனை பலத்தோடும் இழுத்தது.

சேணம் 'கிறீச்' என்றது. ராசா அதில் அப்படியே அழுந்தினார். குதிரை பின்னங்காலைச் சேர்த்து, கழுத்தை வளைத்து, சிலைபோல நின்றது. இடது கையில் சரம் தொங்கியது. ஒரு மொட்டுகூட உதிரவில்லை.

"மோசடி! க்கும்! மோசடி! வேறு கயிறு!" என்று மந்திரி குதித்தார்.

"நானா? எந்தக் கயிறு?" என்று கேட்டிருக்கலாம். கொம்பையா கேட்கவில்லை. இறங்கினார். சுழியன் செத்த மணல் கண்முன் வந்தது. ஆனாலும் முடியைக் கழற்றினார்.

"மந்திரி சொல்றது நிசம். பூச்சரத்தை விட்டுட்டு இன்னொரு கயித்தை இழுத்துட்டேன். பொய் சொல்லி ராசாவா இருக்கிறதுக்கு, மணல்ல வண்டி தள்ளலாம். முடியை எடுத்துக்கிடுங்க."

காத்தாயி வெற்றிலையைத் துப்பினாள்.

"மந்திரியாரே, அந்தப் பட்டைக் கொஞ்சம் தூக்குங்க."

மந்திரி தூக்கினார். வாயைத் திறந்தார். க்கும் வரவில்லை.

குதிரையின் வாயில் பூச்சரம் மட்டும்தான் இருந்தது. தேர்வடம் போன்ற அந்தக் கயிறு ஒரு சாண் தூரம் போய், சேணத்தின் முன்வளையத்தில் முடிந்திருந்தது.

கொம்பையா குனிந்தார். கயிற்றின் நுனியில் விரலை வைத்து வளையம்வரை தடவிக்கொண்டே போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். கிறீச்.

"தாயி... இது எப்பத்திலிருந்து?"

"முதல்ல கட்டினதே இப்படித்தான் மகாராசா."

"அப்போ இத்தனை நாளும் நான் இழுத்தது?"

"சேணத்தை."

"குதிரை அடங்கினது?"

"நீங்க ஆடாம உட்கார்ந்ததுக்கு."

"அப்போ... அது வாய்க்கு நான் தடவின நல்லெண்ணெய்?"

"அதுக்கு ருசி பிடிச்சுப்போச்சு, மகாராசா. நான் என்ன செய்ய?"

சொல்லிவிட்டுக் காத்தாயி சிரித்தாள். அவள் சிரித்து ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். வைக்கோல் போருக்குப் பின்னால் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வீதியில் வெடித்தது. அக்காள் மகன் கரும்புக் கட்டைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். கொம்பையா தன் மணிக்கட்டைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். தங்கக் காப்பைக் கழற்றி வளையத்தில் மாட்டினார்.

"வலிச்சிருக்கும்லே உனக்கு. பொறுத்துக்கோ."

ம், இப்போது சிரியுங்கள்.

சிரித்து முடித்தவர்களுக்கு நீதி இதுதான்: இன்னொரு உயிரைத் தன் பேச்சைக் கேட்க வைக்க நினைப்பவன், அதை இழுப்பதை விட்டுவிட்டு, முதலில் தான் ஆடாமல் உட்காரப் பழக வேண்டும்.