குவளை நாட்டு ராஜாவுக்கு வந்த வயிற்றுவலி

ஒரு காலத்திலே குவளை நாட்டை மகுடவர்மர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல ராஜாதான், ஆனால் நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் செய்துவிடுவார். பாவம், பிறந்ததிலிருந்து அவர் சூடான சோறு சாப்பிட்டதே இல்லை. அரண்மனை வழக்கம் அப்படி. எதுவானாலும் முதலில் தண்டராயர் நாக்குக்குப் போக வேண்டும். அவர் தின்றுவிட்டு ஒரு நாழிகை உட்கார்ந்திருந்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொன்ன பிறகே ராஜாவின் இலைக்கு வரும். அதற்குள் நெய் உறைந்து போயிருக்கும். அந்த ஒரு வேலையை வைத்துக்கொண்டு தண்டராயர் சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

கோட்டைவாசலுக்கு வெளியே, சந்தை முக்கில் அழகுநாச்சி சோற்றுக்கடை போட்டிருந்தாள். கையும் வேகம், வாயும் வேகம். ஒருநாள் மத்தியானம் ஒரு வளையல் வியாபாரி வந்து உட்கார்ந்தார். ஆவி பறக்கிற சோற்றில் கை வைத்ததும் சுட்டுவிட்டது, விரலை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். மொச்சைக் குழம்பை ஐந்து தரம் வாங்கினார். ஒரு தரமாவது போதும் என்று சொல்ல வேண்டுமே! கடைசியில் அவளே கரண்டியை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, சோறு என்னோடது, வயிறு உங்களோடது. பார்த்துக்கோங்க."

சாயங்காலம் சேவகர்கள் வந்து கடையைப் பூட்டினார்கள். குழம்புச் சட்டியின் வாயைத் துணி போட்டுக் கயிற்றால் கட்டி, சட்டியையும் அவளையும் சபைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போன பிறகுதான் வளையல் வியாபாரி யாரென்று தெரிந்தது. ராஜா திண்டில் முழங்காலை மடக்கிச் சுருண்டு கிடந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

ராஜா மாறுவேடத்தில் போனது எப்படியோ தண்டராயர் காதுக்கு எட்டியிருந்தது. ராஜாவுக்கு வெளிச்சாப்பாட்டு ருசி பிடித்துவிட்டால் தன் நாக்குக்கு என்ன வேலை? அதனால் விஷம், விஷம் என்று ஓதிவிட்டார். வலியில் கிடந்த ராஜாவும், பொழுது சாய்வதற்குள் அந்தப் பெண்ணின் தலையை எடு என்று சொல்லிவிட்டார்.

அழகுநாச்சி கையெடுத்துக் கும்பிட்டாள். வாய் மட்டும் அடங்கவில்லை. அறுபது பேர் சாப்பிட்டதில் மற்ற எல்லாரும் நன்றாக இருக்கிறார்களே என்று கேட்டாள்.

தண்டராயர் மீசையைத் தடவினார். "அதுகள் கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு. இது ராஜ வயிறு."

"அப்போ அரண்மனையிலேயே வளர்ந்த வயிறு இன்னொண்ணு இங்கே இருக்கே. தின்னு பார்க்கிறதுதானே ஐயாவோட வேலை?"

சபை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. தண்டராயர் ஒரு கணம் யோசித்தார். மீசைக்கடியில் சிரிப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. சரி என்றார். குழம்பைச் சூடு பண்ணிக்கொண்டு வரட்டுமா என்று அழகுநாச்சி கேட்க, ராஜா முனகலோடு தலையாட்டினார்.

மடைப்பள்ளியில் இருந்த சமையல்காரர், இவள் ராஜாவைக் கெடுத்தவள் என்று முறைத்தார். பிறகு மனசு கேட்காமல் சொன்னார், ராஜா மத்தியானம் இங்கேயும் உட்கார்ந்து சாப்பிட்டாராம். புளிக்குழம்பு, வடை, பாயசம், எதையும் ஒதுக்கவில்லையாம். அழகுநாச்சி அடுப்பங்கரையில் மீந்திருந்த அரண்மனைப் புளிக்குழம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் வெயில் சிவந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

கிண்ணத்தோடு அவள் திரும்பி வந்தாள். தண்டராயர் நாக்கில் பட்டதோ இல்லையோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். குடலைப் பிடுங்குகிறது, எரிகிறது, பாதகி கொன்றுவிட்டாள் என்று புலம்பினார். ராஜாவே வலியை மறந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அழகுநாச்சி அசையவில்லை. பின்னாலேயே சமையல்காரர் அவளுடைய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சேவகர் கட்டிய கயிறு கட்டியபடியே இருந்தது.

"ஐயா, என் குழம்பு இன்னும் சட்டிக்குள்ளேதான் இருக்கு. நீங்க குடிச்சது அரண்மனைக் குழம்பு. மத்தியானம் நீங்களே தின்னுட்டு நல்லதுன்னு சொன்னது."

தண்டராயர் பாதி உருளலில் நின்றுபோனார். சமையல்காரர் ஆமாம் என்று தலையசைத்தார்.

"எழுந்திரும், தண்டராயரே. உமக்கு வலி போய்விட்டது" என்றார் ராஜா. "ஆனால் எனக்கு வலிக்கிறதே, அம்மா. இது பொய்யில்லை."

"தலை போறதுன்னா போகட்டும், ஒண்ணு கேட்கிறேன். என் கடையிலே சாப்பிட்ட கையோட இங்கேயும் சாப்பிட்டீங்களா, மகாராசா?"

ராஜா விதானத்தைப் பார்த்தார். "சாப்பிடாவிட்டால் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்பார்களே."

"எவ்வளவு?"

"முழுசாக" என்றார் மெதுவாக.

அவள் ஓமமும் சுக்கும் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை, தானே முதலில் ஒரு மடக்குக் குடித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தாள். பிறகு ராஜாவைச் சபையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கவைத்தாள். ஏழாவது நடையில் ஒரு ஏப்பம் வந்தது பாருங்கள், உத்தரத்தில் இருந்த புறாக்கள் அத்தனையும் பறந்துவிட்டன. ராஜாவின் முகம் தெளிந்தது. சாளரத்துக்கு வெளியே பொழுதும் சாய்ந்தது, அவள் தலை அவள் கழுத்தின் மேலேயே இருந்தது.

அன்றோடு அரண்மனையில் ஆறிய சோற்று வழக்கம் ஒழிந்தது. அழகுநாச்சிக்குச் சந்தை முக்கில் ஓட்டுக் கட்டடமே எழுப்பிக் கொடுத்தார் ராஜா. தண்டராயர் ஒரு மண்டலம் அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் மொண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

ராஜாவும் சில நாள் அங்கே வருவார், வேடமில்லாமல், அரண்மனையில் சொல்லிவிட்டு. அழகுநாச்சி மூன்றாவது தரம் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அவர் முகத்தையே பார்ப்பாள். குவளை நாட்டு ராஜா இரண்டு கையாலும் இலையை மூடிக்கொள்வார்.

"போதும், தாயே."