நின்றுபோன கசிவு

"எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா, நாளைக்கு நம்மளை யாரு கூப்பிடுவா மேடம்?"

தேவசகாயம் கேட்டேவிட்டார். ரொம்ப நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குரு மங்கையர்க்கரசி வயதில் அவரைவிடச் சின்னவர். அணைகளுக்கும் நீர்மின் நிலையங்களுக்கும் போய் ஆலோசனை சொல்வது குருவின் தொழில். அதைக் கற்றுக்கொள்ளவே தேவசகாயம் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். குரு சீடனை சார் என்பார். சீடன் குருவை மேடம் என்பார்.

மேடத்துக்கு ஓட்டை வாய். இது தேவசகாயத்தின் முடிவு. அணைக்காரர்கள் ஒன்று கேட்டால் மேடம் ஒன்பது சொல்வார். கணக்கைப் போட்டுக் காட்டுவார். அந்தக் கணக்கு எங்கே காலை வாரும் என்பதையும் சேர்த்துச் சொல்லித் தொலைப்பார்.

மங்கையர்க்கரசி கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

"சரி சார். எதைச் சொல்லாம வச்சுக்கலாம்? நீங்களே ஒண்ணு எடுங்க."

தேவசகாயம் கடலையை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம் அவர்கள் கூத்தன்பாறை அணையில், மேட்டிலிருந்த பங்களாவில் தங்கியிருந்தார்கள். மழைக்காலம் தொடங்கப் போகிறது. இந்த வருஷம் அணையை முழுசாக நிரப்பலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மதகுகளை மேடம் பார்த்தார். கேலரியைத் தேவசகாயம் பார்த்தார்.

கேலரி என்பது அணையின் வயிற்றுக்குள் போகும் சுரங்கப் பாதை. அதன் தரையில் வரிசையாகக் குழாய்கள் இருக்கும். அணைக்கு அடியில் கசிகிற தண்ணீர் அவற்றின் வழியே வெளியே வந்துவிடும்.

அணைக்குப் பொறுப்பான இன்ஜினியர் இசக்கியப்பன் கூடவே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"போன வருஷம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு சார். இப்பப் பாருங்க, சொட்டு இல்ல. கசிவு நின்னுபோச்சு. முழுசா நிரப்பிரலாம்ல?"

தேவசகாயம் டார்ச் அடித்துப் பார்த்தார். குழாய்களின் வாயில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தது, வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற மாதிரி.

கசிவு நிற்கவில்லை. வழி அடைத்திருக்கிறது. வெளியே வர முடியாத தண்ணீர் அடியில் உட்கார்ந்து அணையை மேலே நெம்பிக்கொண்டிருக்கும். நிரப்ப நிரப்ப இன்னும் நெம்பும்.

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போதுதான் இசக்கியப்பனின் முகத்தைப் பார்த்தார். இவன் எதற்கு இத்தனை ஆர்வமாகக் கேட்கிறான்? எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு அடுத்த வருஷம் நம்மை வாசலிலேயே நிறுத்துவானோ?

"பார்த்துச் சொல்றேன் சார்."

இது ஒன்று நம்மிடமே இருக்கட்டும் என்று நினைத்தார். மழை வரட்டும், தண்ணீர் ஏறட்டும், பயந்துபோய் அவர்களே தேடி வருவார்கள். அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் மேடம் கேட்டார். "கேலரி எப்படி சார் இருக்கு?"

"நல்லா இருக்கு மேடம்."

மேடத்திடம் சொன்னால் டீ ஆறுவதற்குள் அது இசக்கியப்பனிடம் போய்விடும்.

மறுநாள் காலை மேடம் பெட்டியும் கையுமாக நின்றார்.

"கிளம்புங்க சார். பங்களாவுக்கு யாரோ பெரிய அதிகாரி வர்றாராம். நம்மளக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கீழ பவர் ஹவுஸ் குவார்ட்டர்ஸ்ல இடம் கொடுத்திருக்காங்க."

குவார்ட்டர்ஸ் அணையின் காலடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அணைதான். வானம் வேண்டுமென்றால் தலையை வெளியே நீட்ட வேண்டும்.

அதிகாரியாவது, மண்ணாவது. மேடத்துக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என் வாயாலேயே வரவழைக்கப் பார்க்கிறார். பார்த்துவிடலாம், நானா அவரா என்று தேவசகாயம் கட்டிலில் உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடவில்லை. தேவசகாயம் கண்ணை மூடவே இல்லை. மேடம் நன்றாகத் தூங்கி எழுந்து தட்டில் இட்லியோடு உட்கார்ந்திருந்தார்.

பக்கத்து வீட்டுப் பெண் சட்னி கொண்டுவந்தாள். அவள் புருஷன் பவர் ஹவுஸில் ஆப்பரேட்டர்.

"இந்த வருஷம் முழுசா நிரப்பப் போறாங்களாமே சார்? கசிவு நின்னுபோச்சுன்னு எங்க வீட்டுல சொன்னாவ. நீங்கள்லாம் வந்து பார்த்துட்டீங்க, இனி எங்களுக்கு என்ன பயம்?"

தேவசகாயம் இட்லியைப் பிட்டார். திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

"ஏதாவது சொல்லணுமா சார்?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"அப்ப சாப்பிடுங்க."

தேவசகாயம் எழுந்தார். செருப்புக்கூடப் போடாமல் மழையில் இறங்கி மேட்டில் ஓடினார்.

வழியில் பங்களா. வாசலில் நனைந்த கார் ஒன்று நின்றது. டவாலி போட்ட சேவகர் ஒருவர் குடையோடு அதன் கதவைத் திறந்துகொண்டிருந்தார். அதிகாரி நிஜமாகவே வந்திருந்தார். அதை யோசிக்கத் தேவசகாயத்துக்கு நேரமில்லை.

இசக்கியப்பன் ஆபீஸில் இருந்தார். தேவசகாயம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். இசக்கியப்பனின் சிரிப்பு போய்விட்டது.

"முந்தாநாளு பார்த்தீங்க. அப்பச் சொல்லல. இப்ப எதுக்குச் சொல்றீங்க?"

தேவசகாயம் நெற்றியில் வழிந்த மழைத் தண்ணீரைத் துடைத்தார்.

"அடுத்த வாரம் உங்க ஒப்பந்தம் முடியுது. பயங்காட்டி நீட்டிக்கலாம்னு பாக்கீங்களோ?"

இந்தச் சந்தேகத்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது தேவசகாயத்துக்கு.

"இல்ல சார். நான் கீழ தங்கியிருக்கேன்."

இசக்கியப்பன் அவருடைய வெறுங்காலைப் பார்த்தார். டார்ச்சை எடுத்தார்.

கேலரியில் தேவசகாயம் சுவரோரம் கிடந்த கடப்பாரையை எடுத்து ஒரு குழாயின் வாயில் ஓங்கிக் குத்தினார். வெள்ளைப் பொருக்கு உடைந்தது. தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டு இசக்கியப்பனின் சட்டையை நனைத்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அடுத்த குழாயைப் பார்த்தார். அதற்கடுத்த குழாயைப் பார்த்தார். பிறகு மதகைத் திறக்கச் சொல்லப் படியேறி ஓடினார்.

தேவசகாயம் கீழே திரும்பியபோது ஆறு இரைந்துகொண்டிருந்தது. அணையில் ஏறிய தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் ஜன்னல் ஓரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டேன் மேடம்."

"எதை சார்?"

"கேலரிக் குழாயெல்லாம் அடைச்சிருந்ததை. உங்களுக்குத்தான் தெரியுமே. தெரிஞ்சுதானே என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

மங்கையர்க்கரசி திரும்பி அவரைப் பார்த்தார்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? கேலரி நல்லா இருக்குன்னு நீங்க சொன்னீங்க. அதை நம்பித்தான் நேத்து இங்க தூங்கினேன்."