பெத்தணன் தங்கம் அலசிய கதை

கொழிஞ்சிப்பட்டியில் புத்தி பங்கு வைத்த அன்றைக்கு மூன்று பேர் ஊரில் இல்லை என்று சொல்வார்கள். பெத்தணன், சன்னாசி, விருமன். கேட்டுப் பாருங்கள், "வந்து வாங்கிக்கங்கன்னு எங்ககிட்ட யாரும் சொல்லலையே" என்பார்கள். சொல்லியிருந்தால் கட்டாயம் போயிருப்பார்கள். சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள்.

பெத்தணனின் தங்கச்சி முத்தழகு தன் மகள் யாழினிக்குக் காதுகுத்து வைத்தாள். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் தாய்மாமன்தான் போட வேண்டும். பெத்தணனிடம் மடி இருந்தது. தோடு இல்லை.

"வெறுங்கையோட வந்தாலும் பரவாயில்லண்ணே, நீ வந்துரு" என்று முத்தழகு சொல்லிவிட்டுப் போனாள். அவள் அப்படிச் சொன்னதுதான் பெத்தணனை வதைத்தது. மாப்பிள்ளை வீட்டுச் சனம் அத்தனையும் தன் வெறுங்கையைப் பார்ப்பதை நினைத்து நினைத்து, மனுசனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் சன்னாசி பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தை எண்ணெய் துடைத்துப் படித்தான். மூவரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் என்பதால் அவன் பேச்சுக்குத் தனி மரியாதை.

"பொன்னூற்று மலையில் தங்க வேட்டைப் பூங்கா. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் தங்கம் தேடிக் குவிந்த காட்டில் கூடாரம் போட்டுத் தங்கலாம். ஓடையில் மண் அலசலாம். கிடைக்கும் தங்கம் உங்களுக்கே."

"உங்களுக்கேன்னா யாருக்கு?" என்றான் விருமன்.

சன்னாசி யோசித்தான். "படிக்கிறவனுக்குத்தான்."

"அப்ப உனக்கு."

பெத்தணன் முகம் சுண்டிப்போனது. சன்னாசிக்கு மனசு தாங்கவில்லை. காகிதத்தை நீட்டி, "இந்தா, நீ ஒரு தடவை படிச்சிரு. உன்னுது ஆயிரும்" என்றான். பெத்தணன் வாங்கித் தலைகீழாகப் பிடித்து மனதாரப் படித்தான். மூவரும் பஸ் ஏறினார்கள்.

பூங்காவில் மெர்சி என்ற பெண் வழிகாட்டியாக இருந்தாள். நல்ல பிள்ளை. சிரித்த முகம். அன்று காலை வரைக்கும் அப்படித்தான் இருந்தது. கூடார மூட்டையையும் கம்புகளையும் கையில் கொடுத்து, "அண்ணா, முதல்ல கூடாரத்தை அடிச்சிருங்க. அப்புறமா சுரங்கம் பார்க்கப் போகலாம்" என்று சொல்லிவிட்டு வேறு ஆட்களைக் கவனிக்கப் போனாள்.

மூவரும் மூட்டையைச் சுற்றி நின்றார்கள்.

"பாவம், என்ன தப்பு செஞ்சுச்சோ" என்றான் பெத்தணன்.

"முன்னாடி தங்குனவங்களைத் தூங்க விட்டிருக்காது" என்றான் சன்னாசி. "அடிக்கிறதுக்குன்னே கம்பும் கொடுத்திருக்கு பாரு."

மெர்சி திரும்பி வந்தபோது மூட்டை புழுதியில் கிடந்தது. மூவரும் வியர்வை வழிய மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணா பண்றீங்க?"

"அடிச்சாச்சு தாயி. ரெண்டு கம்பு முறிஞ்சுபோச்சு. இன்னும் நாலு போடணுமா, இதோட விட்டுரலாமா?"

மெர்சி வேறு கம்பு கொண்டுவந்து அவளே கூடாரத்தை நிறுத்தினாள். "இதுக்கு மேல அது வாலாட்டாது" என்று விருமன் அவளுக்குத் தைரியம் சொன்னான்.

சுரங்க வாசல் தாழ்வு. "தலையைக் குனிஞ்சுக்கிட்டே வாங்க" என்றாள் மெர்சி. குனிந்தார்கள். உள்ளே எந்தப் பாறையில் பொன்னைத் தேடினார்கள், எந்தத் தடத்தில் மண் வண்டி ஓடியது என்று அவள் காட்டக் காட்ட, மூவரும் அவள் செருப்பைப் பார்த்தபடியே தலையாட்டினார்கள். வெளியே வந்த பிறகும் குனிந்தே நடந்தார்கள். குனிந்தே சாப்பிட்டார்கள். பெத்தணனுக்கு இடுப்பு கழன்றுவிடும் போல இருந்தது. தோட்டை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சுரங்கம் எப்படிண்ணா இருந்துச்சு?" என்று மெர்சி கேட்டாள்.

"தரை ரொம்ப நல்லா இருந்துச்சு தாயி" என்றான் பெத்தணன், தரையைப் பார்த்து.

அவளுக்கு அப்போதுதான் விசயம் பிடிபட்டது. "ஐயோ, நிமிருங்கண்ணா!"

நிமிர்ந்தார்கள். அப்போதுதான் வானம் மேகம் போட்டிருந்ததே அவர்களுக்குத் தெரிந்தது.

சாயங்காலம் கூடாரத்துக்கு முன்னால் அடுப்பு மூட்டிக் கொடுத்தாள். சோற்றுப் பொட்டலங்களைப் பக்கத்தில் வைத்தாள். "தண்ணி எடுத்துட்டு வந்துர்றேன். நெருப்பு மேல ஒரு கண்ணு வெச்சுக்கங்க."

"ஒரு கண்ணுதானே சொல்லுச்சு?" என்றான் சன்னாசி. "நம்மகிட்ட ஆறு இருக்கு. அஞ்சை மூடணும்."

பேசி முடித்து விருமனின் இடது கண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். மற்றதெல்லாம் இறுக்கி மூடியாயிற்று. மெர்சி வந்து பார்த்தபோது நெருப்பு பத்திரமாக இருந்தது. சோற்றைக் காணோம்.

"குரங்கு தூக்கிட்டுப் போச்சு" என்றான் விருமன், கண்ணை நெருப்பிலிருந்து எடுக்காமல். "ஓரமாத் தெரிஞ்சுச்சு. ஆனா அது நெருப்பு மேல இல்லையே, நான் எதுக்குப் பார்க்கணும்?"

மூவரும் பட்டினியாகப் படுத்தார்கள்.

விடிந்ததும் ஓடைக்குப் போனார்கள். மெர்சி ஆளுக்கொரு அகலத் தட்டைக் கொடுத்துக் கற்றுத் தந்தாள். "மண்ணை அள்ளுங்க. தண்ணிக்குள்ள முக்கி இப்படியும் அப்படியும் ஆட்டி அலசுங்க. லேசானது போயிரும், கனமானது தங்கும்." இதில் பெத்தணன் ஒரு பிழையும் செய்யவில்லை. முட்டிவரை தண்ணீரில் நின்று, விரல் விறைக்க விறைக்க அலசினான். வெயில் ஏறும் நேரத்தில் தட்டின் கறுப்பு மணலில் ஒன்று மின்னியது. கடுகில் பாதி.

"தாயி" என்றான். தட்டை அப்படியே ஏந்தி நின்றான்.

மெர்சி ஓடிவந்து பார்த்தாள். முதல் நாள் பட்ட பாடெல்லாம் மறந்து அவள் முகம் மலர்ந்தது. "நிசமாவே தங்கம்ணா! முக்கால்வாசிப் பேருக்குக் கிடைக்கவே கிடைக்காது. கண்ணுல வெச்சுக் காப்பாத்துங்க, இதோ குப்பி எடுத்துட்டு வந்துர்றேன்."

பெத்தணன் சன்னாசியைப் பார்த்தான். "எந்தக் கண்ணுன்னு சொல்லலையே?"

"சுபகாரியம். வலது கண்ணு."

மெர்சி குப்பியோடு வந்தபோது பெத்தணனின் வலது கண் தக்காளிப் பழமாகச் சிவந்து, கன்னமெல்லாம் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தங்கம் எங்கண்ணா?"

"காப்பாத்திக்கிட்டு இருக்கேன் தாயி."

அவள் அலறிவிட்டாள். "ஐயோ கடவுளே! அலசுங்க! உடனே அலசுங்க!"

அலசுவது எப்படி என்று காலையில்தானே கற்றிருந்தார்கள்! சன்னாசி தலைமாட்டிலும் விருமன் கால்மாட்டிலும் பிடித்து, பெத்தணன் முகத்தைத் தட்டில் வைத்து ஓடையில் முக்கி ஆட்டினார்கள். மெர்சி விடச் சொல்லிக் கத்தியது தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை.

"லேசானது போயிரும்னு சொல்லுச்சே" என்றான் விருமன். "இவன் தலையில எது லேசு?"

"நீ ஆட்டு. போறது தானாப் போகும்."

முதலில் பெத்தணனின் துண்டு போயிற்று. அடுத்து ஒரு செருப்பு. பெத்தணன் ஒரு வாய் தண்ணீர் குடித்தான், இரண்டாவது வாயும் குடித்தான், ஆனால் கண்ணை மட்டும் பிளந்தே வைத்திருந்தான். கடைசியில் அவனைத் தூக்கி நிறுத்தியபோது, தட்டின் ஓரத்தில் அந்தக் கடுகுப் பாதி பளிச்சென்று உட்கார்ந்திருந்தது.

மெர்சி பாறைமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவிவிட்டாள். தங்கத்தைக் குட்டிக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, நீர் நிரப்பி மூடிக் கொடுத்தாள். அவர்கள் பஸ் ஏறும்வரை "போயிட்டு வாங்க" என்று மட்டும் அவள் வாய் தவறியும் சொல்லவில்லை.

பஸ்ஸில் பெத்தணன் குப்பியைத் தூக்கிப் பார்த்தான். உருண்டைக் கண்ணாடிக்குள் கடுகுப் பாதி மிளகு மாதிரி தெரிந்தது.

"தண்ணியில போட்டதும் வளந்துருச்சுடா!"

சன்னாசி வாங்கிப் பார்த்துக் கனமாகத் தலையசைத்தான். "இத்துனூண்டு தண்ணிக்கே இவ்வளவுன்னா?"

காதுகுத்து நாள் வந்தது. பெத்தணன் யாழினியை மடியில் வைத்து, முகம் பளபளக்க உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசியை எடுத்தார். சனம் கழுத்தை நீட்டியது. முத்தழகு குனிந்து மெதுவாகக் கேட்டாள். "தோடு கொண்டாந்தியாண்ணே?"

"ஊர்க் கிணத்துல போட்டிருக்கேன் முத்து. வளந்துக்கிட்டு இருக்கு."

முத்தழகு அண்ணனின் சிவந்த கண்ணைப் பார்த்தாள். ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். உள்ளே போய், தான் சின்னப் பிள்ளையில் போட்ட தோட்டை எடுத்து வந்து, யாரும் பார்க்காமல் அவன் கைக்குள் திணித்தாள். யாழினி வீல் என்று அழ, தாய்மாமன் தோடு போட்டாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் திருப்தியாகப் பந்திக்கு எழுந்தார்கள்.

"கவலைப்படாத முத்து. பிள்ளை கல்யாணத்துக்குள்ள அது ஒட்டியாணம் ஆயிரும்" என்றான் பெத்தணன்.

மறுநாள் காலை முத்தழகு குடத்தோடு கிணற்றுக்குப் போனாள். அங்கே விருமன் வாளி வாளியாக இறைத்துக் கொடுக்க, சன்னாசி வாங்கித் தர, பெத்தணன் அதைப் பயபக்தியாகக் கிணற்றுக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருந்தான்.

"என்னண்ணே செய்யிற?"

"தண்ணி ஊத்துறேன். ஊத்தாம எது வளரும்?"

"இந்தக் கிணத்துத் தண்ணியையேவா?"

பெத்தணன் அவளைப் பாவமாகப் பார்த்தான்.

"வேற தண்ணி அதுக்கு ஒத்துக்கிடாது முத்து."