இடுப்பில் ஒரு பரங்கிக்காய்

ஆற்றங்கரை ஆசிரமத்து அம்மையார் மாசிலாமணியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவனுக்கு அவர்தான் குரு. நல்ல சீடன்தான் அவன். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் மட்டும் பதில் கிடைக்கும்வரை ஆளை விடமாட்டான்.

அன்று காலையில் வந்தவன் முகத்தில் களையே இல்லை.

"அம்மா, குழந்தை பிறந்ததுலேருந்து என் சம்சாரம் பூங்கோதை அழுதுக்கிட்டே இருக்கா. குழந்தையைக் கையில கொடுத்தாலும் வெறிச்சுப் பாக்குறா. அவ சிரிச்ச முகத்தை இனிமே பாப்பேனான்னு பயமா இருக்கு."

"வீட்டுல என்ன சொல்றாங்க?"

"எங்கம்மா கண்ணு பட்டுடுச்சுங்கறாங்க. அத்தை பத்தியம் தப்பிடுச்சுங்கறாங்க. தாயில்லாத பொண்ணு, அந்த ஏக்கம்னு அப்பா சொல்றார். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு தடவை இப்படித் துவண்டு கிடந்தாளாம், அவ அண்ணன் சொல்றான். இதுல எதும்மா காரணம்? ஒண்ணைச் சொல்லுங்க, சரி பண்ணிடறேன்."

அம்மையார் சிரித்துவிட்டார். உள்ளே போய் ஒரு பரங்கிக்காயை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார்.

"சாயந்திரம்வரைக்கும் இதைக் கீழே வைக்காதே. அப்புறம் சொல்றேன்."

இதென்ன பிரமாதம் என்று வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டான்.

சாப்பிட உட்கார்ந்தான். முதல் கவளம் வாய்க்குப் போகுமுன், "காய்க்கு வெயில் படுது பாரு, நிழலுக்குக் கொண்டு போ" என்றார் அம்மையார். திரும்பி வந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. தூணில் சாய்ந்து கண்ணயர்ந்தான். காதருகே மணி அடித்தது. மறுபடி சாய்ந்தான். மறுபடி மணி.

பார்க்க வருகிற கூட்டம் வேறு. "அடடா, என்ன நிறம்!" "அப்படியே அம்மையாரை உரிச்சு வெச்சிருக்கு!" என்று ஆசிரமத்தார் காயைத் தட்டிக் கொஞ்சினார்கள். "இப்படியா பிடிக்கிறது? காம்பு ஒடியாதா?" என்று அதட்டினார் சமையற்காரர். மாசிலாமணியின் முகத்தை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

பொழுது சாய்ந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. போயும் போயும் ஒரு பரங்கிக்காயை வைத்துக்கொண்டு அழுவதா என்று வெட்கமாகவும் இருந்தது. இருந்தும் அழுதுவிட்டான்.

"எதுக்கு அழறே? பசியா?" என்றார் அம்மையார்.

"பசியுந்தான்."

"தூக்கமா?"

"அதுவுந்தான்."

"சமையற்காரர் திட்டினாரே, அதுவா?"

"எல்லாந்தாம்மா! ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது?"

சொன்ன பிறகுதான் காலையில் தான் கேட்டது அவனுக்கு நினைவு வந்தது.

"உனக்கு ஒரு பகல்தான். அதுவும் ரத்தம் போகாத உடம்பு" என்றார் அம்மையார். "மருத்துவச்சிக்குச் சொல்லி அனுப்பியிருக்கேன், உன் வீட்டுக்கு வந்து பார்ப்பா. நீ கிளம்பு."

வாசல்வரை போனவன் தயங்கி நின்றான்.

"நான் போய் அவகிட்ட என்னம்மா சொல்றது?"

அம்மையார் அருகில் வந்தார். அவன் இடுப்பிலிருந்த காயை வாங்கித் தம் இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் முகத்தையே பார்த்தபடி நின்றார். மாசிலாமணிக்கு உடம்பெல்லாம் லேசாகிப் பெரிதாக ஒரு மூச்சு வந்தது. காலையிலிருந்து முதல் முறையாகச் சிரித்தான்.

"இப்ப நான் உன்கிட்ட என்ன சொன்னேன்?" என்று கேட்டார் அம்மையார்.