மோச்சி ஆசை போன முப்பத்தோராவது அடி

ஜப்பானில் ஒரு மலை. மலைமேல் ஒரு புத்தர் கோயில். கோயிலுக்கு ஒரு மணி, ஒரு குரு, மூன்று சீடர்கள். மூன்று சீடருக்கும் சேர்த்து அறிவு கால் பங்கு தேறும். அதிலும் பாதியை அவர்கள் பயன்படுத்துவதில்லை.

அந்த மணி ஆள் நுழையும் அளவுக்குப் பெரியது; உள்ளே நாக்கு கிடையாது. பக்கத்தில் கயிற்றில் தொங்கும் மரக்கட்டையை இழுத்து, வெளிப்புறத்தில் மோத வேண்டும். வருடக் கடைசி ராத்திரி அப்படி நூற்றெட்டு அடி அடிப்பது வழக்கம். அந்த வருடம் குருவுக்கு ஜுரம்.

"அடிக்கு ஒன்றாக ஆசை, கோபம் என்று மனிதனுடைய நூற்றெட்டு அழுக்கும் போகும். ஒன்று கூடக்கூடாது, குறையவும் கூடாது" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மொசுகே என்ற சீடன் நடுங்கிப் போனான். அரிசியை இடித்து உருட்டும் மோச்சி என்றால் அவனுக்கு உயிர். வருடப் பிறப்பான மறுநாள் ஒருநாள்தான் அது கிடைக்கும்.

"மோச்சி ஆசையும் போய்விடுமா அண்ணே?"

"போகத்தான் போகும்" என்றான் மூத்தவன் இசகு. "எத்தனையாவது அடியில் என்று தெரிந்தால் ஏதாவது செய்யலாம். அடிக்கு ஒரு உருண்டை தின்று பார். ருசித்தால் ஆசை இருக்கிறது."

ஊரில் முப்பத்தோரு வீடு. விடிந்ததும் கொடுக்க, வீட்டுக்கு ஒன்றாகக் கூடையில் முப்பத்தோரு உருண்டை இருந்தது. இசகு அடித்தான், மொசுகே தின்றான். முப்பது வரை ருசித்தது. முப்பத்தோராவது தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துத்தான் இறக்கினான்.

"போச்சு! ஆசை போச்சு!" என்று மொசுகே அழுதான்.

நடுவிலவன் கன்பெய் யோசித்தான். "வெளியே அடித்ததால் வெளியே போனது. உள்ளே அடித்தால் உள்ளே வரும்."

மொசுகே உலக்கையோடு மணிக்குள் நுழைந்து ஒரு அடி அடித்தான். தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தான்.

"ஆசை வந்ததா?"

"காதுக்குள் என்னவோ ரீங்காரம் போடுகிறது."

"அதுதான். வழி தவறிக் காதில் நுழைந்துவிட்டது. வயிற்றுக்கு இறங்க நேரமாகும்."

உள்ளே அடித்ததில், முப்பத்தொன்றில் ஒன்று கழிந்து முப்பது. இசகு மீதி எழுபத்தெட்டையும் பிசகாமல் அடித்தான். விடிந்ததும் மொசுகேவுக்கு வாய் ஊறியது. "வந்துவிட்டது!" என்று மூவரும் கூத்தாடினார்கள்.

போர்வையோடு குரு வந்தார். காலிக் கூடையைப் பார்த்தார்.

"ஊருக்கு வைத்த உருண்டை எங்கேடா?"

"சோதனையில் செலவாகிவிட்டது சாமி."

"அட மடப்பயல்களா! வாசலில் ஊரே வந்து நிற்கிறதேடா!" என்று குரு கத்தினார்.

சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கோபம் எத்தனையாவது அடி அண்ணே?" என்றான் கன்பெய்.

"எதுவானாலும் போயிருக்க வேண்டுமே."

"பாவம், ஜுரத்தில் படுத்திருந்தார். சத்தம் எட்டியிருக்காது."

போர்வையோடு அவரை அலுங்காமல் தூக்கி, மணிக்கடியில் உட்காரவைத்தார்கள். குரு உள்ளேயிருந்து கெட்ட கெட்ட வார்த்தையாகத் திட்டினார்.

"பாரேன், எவ்வளவு மிச்சம் இருக்கிறது!" என்றான் மொசுகே.

இசகு கட்டையைப் பின்னால் இழுத்தான்.

"ஒன்று."