நேற்றைய வெயில்

பழனி அடிவாரத்து லாட்ஜ் ஒன்றில் விறகெரித்து வெந்நீர் போடுபவள் செங்கமலம். புகை அவள் கண்களைப் பாதி தின்றிருந்தது. மொட்டைமாடிக்குச் சூரிய வெந்நீர்க் கருவி வருகிறது என்றதும் அதிகம் மகிழ்ந்தவள் அவள்தான்.

கருவியை மாட்டி முடிக்கும்போதே இருட்டிவிட்டது. திறப்பு விழாவுக்குக் குறித்த நல்ல நேரமோ விடியலுக்கு முன்பு.

"குழாயைத் திறந்தா ஆவி பறக்கணும். அடுப்புல காய்ச்சித் தொட்டியில ஊத்து. வாயைத் திறந்தே, வேலை போயிடும்," என்றார் கருவியை விற்ற கம்பெனியின் மேலாளர் சுதர்சனம்.

செங்கமலம் குடம் குடமாக ஏற்றினாள்.

லாட்ஜ் முதலாளி குழாயைத் திறந்தார். கை சுட்டது. "இன்னும் விடியவே இல்லியே, எப்படிங்க?"

"நேத்து வெயில் சார்! உள்ளே சேமிச்சிருக்கோம்," என்றார் சுதர்சனம்.

"ஆமாங்க முதலாளி," என்றாள் செங்கமலம். "பத்தலைன்னா சொல்லுங்க. இன்னொரு கட்டு நேத்து வெயிலை உடைச்சு அடுப்புல வெக்கிறேன்."

தங்களுக்கும் ஆர்டர் கொடுக்க வந்திருந்த மற்ற லாட்ஜ்காரர்கள் சிரித்துக் கலைந்தார்கள். "கழட்டிட்டுப் போங்கய்யா," என்றார் முதலாளி.

காலையில் தங்கியிருந்தவர்கள் குளித்துத் தீர்க்க, தொட்டியில் பச்சைத் தண்ணீர் நிரம்பியது. மாலையில் கழற்ற வந்த ஆட்கள் அதைத் திறந்துவிட்டு, "ஐயோ, கொதிக்குதே!" என்று துள்ளினார்கள்; ஆனாலும் கழற்றி எடுத்துப் போனார்கள்.

சுதர்சனத்தைக் கம்பெனி வேறு ஊருக்கு மாற்றியது. செங்கமலம் அடுப்பில் விறகு அடுக்கினாள்.