குளிப்பறைப் பானை கவிழ்ந்த கதை

அந்தக் காலத்தில் பல்லி சுவரில் ஏறுவதில்லை. தரையில்தான் இருந்தது. மனிதர்களோடு நின்று பேசும். கொஞ்சம் அதிகமாகவே பேசும். கொசுவும் பேசும். ஆனால் அது குரலை உயர்த்தியே பேசாது.

ஆறு கடலில் கலக்கும் இடத்தில், தென்னைகளுக்கு நடுவே ஒரு குடியிருப்பு இருந்தது. அங்கே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். காலையில் காயப்போட்ட துணியை மாலையில் தொட்டால் இன்னும் ஈரமாக இருக்கும். சுவர்கள் வியர்க்கும். ஒவ்வொரு வீட்டின் பின்புறமும் ஒரு குளிப்பறை உண்டு. மண்சுவர், கீற்றுக்கூரை, நின்று குளிக்க ஒரு கல், மூலையில் வாய் அகன்ற ஒரு பெரிய பானை.

அந்தப் பானையை அவர்கள் வெறுமையாக விடவே மாட்டார்கள். தொலைவிலிருந்து வருகிறவரும் சாவு வீட்டுக்குப் போய் வருகிறவரும் கால் கழுவாமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. அவர்கள் வரும்போது தண்ணீர் காத்திருக்க வேண்டும். அதனால் கடைசியாகக் குளித்தவர் பானையை விளிம்புவரை நிரப்பிவிட்டுத்தான் வெளியே வருவார். பானை காலியாகக் கிடந்தால் வீடும் காலியாகிவிடும் என்று பயந்தார்கள்.

அந்த ஊரில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். சந்தேகம் அவளோடு கூடப் பிறந்தது. பாலை முகர்ந்து பார்ப்பாள். கொஞ்சம் கழித்து மறுபடி முகர்வாள். மீன்காரி போன பிறகு மீனின் செவுளைத் திறந்து பார்ப்பாள்.

"உன் நிழல் பின்னாலே வந்தாக்கூட யாருடா நீன்னு கேப்பே," என்று அவள் கணவன் கொம்பையா சிரிப்பான். அவன் கழிமுகத்தில் படகு ஓட்டுகிறவன்.

அவர்களுக்கு நாச்சி என்று ஒரே மகள். அப்போதுதான் ஓடப் பழகியிருந்தாள். குளிப்பறையில் தண்ணீரை அளைந்து விளையாடுவது அவளுக்கு உயிர்.

குளிப்பறைக்குள் வேறு இரண்டு பேரும் குடியிருந்தார்கள். தண்ணீர் வெளியேறும் துவாரத்தின் அருகே ஒரு தவளை. கல்லுக்கு அடியில் ஒரு பல்லி. பல்லி மாடத்தியை மதினி என்று கூப்பிடும்.

மழைக்காலம் தொடங்கியதும் மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். மெலிந்த உடல். கறுத்த கால்களில் வெள்ளை வெள்ளையாக வளையங்கள்.

"அக்கா, வெளியே ஒரே சேறு. ஒரு ஓரமா ஒண்டிக்கிறேனே," என்றது கொசு.

மாடத்தி அதை மேலும் கீழும் பார்த்தாள். "எதுக்கு?"

"தண்ணியைப் பார்த்துக்கிட்டு இருக்கத்தான். ஊரெல்லாம் சுத்திட்டேன். இவ்வளவு தெளிஞ்ச தண்ணியை நான் எங்கேயும் பார்க்கலே."

மாடத்தி பால்காரனை நம்ப மாட்டாள், மீன்காரியை நம்ப மாட்டாள். ஆனால் தன் வீட்டுத் தண்ணீர் தெளிந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. "சரி, இரு," என்றாள். கொசு பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

கொஞ்ச நாள் கழிந்தது. ஒரு காலையில் நாச்சியைத் துவட்டும்போது அவள் பிடரியில் சிவந்த தடிப்புகளைப் பார்த்தாள் மாடத்தி. மறுநாள் முழங்காலில். அடுத்த நாள் காது மடலில். குழந்தை சொறிந்து சொறிந்து அழுதது.

"யாரோ கடிக்கிறாங்க," என்றாள் மாடத்தி.

"எறும்பா இருக்கும்," என்றான் கொம்பையா.

அவள் கேட்கவில்லை. கீற்றுக்கூரையின் சந்துகளை எல்லாம் வைக்கோலால் அடைத்தாள். தண்ணீர் போகும் துவாரத்தில் இரவுதோறும் தேங்காய் மட்டையைச் சொருகினாள். வேப்பிலைப் புகை போட்டாள். வெளியிலிருந்து எதுவும் நுழைய வழியில்லை. ஆனாலும் காலையில் நாச்சியின் தோளில் புதுத் தடிப்பு.

அப்படியானால் கடிப்பது உள்ளே இருக்கிற ஆள்தான்.

அன்று முதல் மாடத்தி குளிப்பறைக்குள் மெதுவாக நுழைந்து எல்லோர் வாயையும் பார்த்தாள். முதலில் தவளை கண்ணில் பட்டது. அவ்வளவு பெரிய வாய்!

"நாக்கை நீட்டு," என்றாள்.

தவளை நீட்டியது. அது நீண்டுகொண்டே போனது.

"இவ்வளவு நீள நாக்கு உனக்கு எதுக்கு?"

"சாப்பிடத்தான். மட்டையைச் சொருகி என் வாசலை அடைச்சிட்டு நாக்குக்கு வேற கணக்குக் கேக்குறீயளா?" என்றது தவளை. அதற்கு மானம் அதிகம். மட்டையை எடுத்ததும் ஒரே தாவில் வெளியே போய்விட்டது. திரும்பி வரவில்லை.

கடி நிற்கவில்லை. கூடியது.

கொசு பானைக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு விட்டது. "நான் யார் மேலயும் பழி போட மாட்டேன் அக்கா. ஆனா பாப்பா குளிக்கும்போது பல்லி ஏன் அவளையே பார்த்துக்கிட்டு உதட்டை நக்குது?"

அந்தப் பேச்சு மாடத்தியின் மனதில் முள்ளாகத் தைத்தது. மறுநாள் விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். உள்ளே நாச்சி கல்லில் உட்கார்ந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தாள். பல்லி கல்லின் ஓரத்தில் அசையாமல் கிடந்தது. அதன் கண் குழந்தையின் பிடரியிலேயே இருந்தது. சட்டென்று எம்பிப் பாய்ந்தது.

மாடத்தியின் விளக்குமாறு இறங்கியது.

பல்லியின் வால் அறுந்து தனியே துள்ளியது. நாச்சி வீறிட்டாள். பல்லி உயிர் தப்பினால் போதுமென்று சுவரைப் பிடித்து ஏறியது. அதுவரை எந்தப் பல்லியும் சுவரில் ஏறியதில்லை. உச்சிக்குப் போய்த்தான் அது திரும்பிப் பார்த்தது.

"அடிக்கிறதுக்கு முன்னாடி என் வாயைப் பார்த்திருக்கலாமே மதினி!"

"நன்றி கெட்டதே! பேசாதே!" என்று குழந்தையை வாரிக்கொண்டு போய்விட்டாள் மாடத்தி. பல்லியின் வாயோரம் வெள்ளை வளையம் போட்ட ஒரு கால் ஒட்டியிருந்ததை அவள் பார்க்கவில்லை.

தவளையும் போய், பல்லியும் உச்சியை விட்டு இறங்காத குளிப்பறையில் கொசுக்கூட்டம் பெருகியது. சில நாளில் நாச்சிக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கண்ணைத் திறக்க மறுத்தாள். கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. கொம்பையா படகைக் கட்டிப்போட்டுவிட்டுக் குழந்தையின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு அவனை விட்டுப் போயிருந்தது.

நெற்றியில் ஈரத்துணி போடத் தண்ணீர் எடுக்கக் குளிப்பறைக்கு வந்தாள் மாடத்தி. நல்ல வெயில். கூரையில் வைக்கோல் உதிர்ந்த ஒரு சந்து வழியாக வெளிச்சம் நேரே பானைக்குள் விழுந்தது. குனிந்தவள் அப்படியே நின்றாள்.

தண்ணீரில் என்னவோ தொங்கிக்கொண்டிருந்தது. நூல் துண்டுகள்போல, தலை கீழாக. அவள் நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒன்றின் முதுகு பிளந்தது. உள்ளிருந்து மெலிந்த ஒருத்தி எழுந்து தண்ணீரின் மேல் நின்றாள். கறுத்த கால்கள். வெள்ளை வளையங்கள்.

"அக்கா," என்றது அது. அதே தணிந்த குரல்.

மாடத்தி தன்னையே கேட்டுக்கொண்டாள். பாலைப் பார்த்தோம், மீனைப் பார்த்தோம், தவளையின் நாக்கைப் பார்த்தோம். தண்ணீருக்குள் பார்த்தோமா?

பானைக்குப் பின்னாலிருந்த தாய்க் கொசு வெளியே வந்தது. "ஏன் இப்படிப் பார்க்குறீங்க? நானா நிரப்பினேன்? தினமும் நிரப்பி வச்சது நீங்கதானே. உங்க ஊர் வழக்கமே எங்களுக்குத் தொட்டில். அதை நீங்க கவிழ்க்க மாட்டீங்க."

மாடத்தி பானையின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றினாள். சத்தம் கேட்டுக் கொம்பையா ஓடி வந்தான்.

"ஏட்டி, என்ன செய்யுதே? நிறைஞ்ச பானை! பிள்ளை சீக்காக் கிடக்கும்போது வீட்டைக் காலி பண்ணப் பாக்கியா?"

"உள்ளே பாருங்க. நிறைஞ்சிருக்கிறது எதுன்னு பாருங்க!"

அவன் எட்டிப் பார்த்தான். பிறகு அவனும் ஒரு கை கொடுத்தான். அந்த ஊரில் முதன்முதலாக ஒரு நிறைபானை சாய்ந்தது. நெளிந்தவை எல்லாம் தண்ணீரோடு துவாரம் வழியாக வெளியே ஓடி, சூடான மணலில் விழுந்து அடங்கின.

பானையை நிமிர்த்தி மறுபடி நிரப்பக் குடத்தைத் தூக்கினாள் மாடத்தி. "ச்சு!" என்று உச்சியிலிருந்து ஒரு சத்தம்.

வால் இல்லாத பல்லி பார்த்துக்கொண்டிருந்தது. "உள்பக்கம் விளிம்புக்குக் கீழே விரலை வச்சுத் தடவு மதினி. இதுதான் நான் சொல்ற கடைசிப் பேச்சு."

தடவினாள். கரித்தூள்போல் என்னவோ விரலில் நெருடியது. எல்லாம் முட்டைகள்! தண்ணீர் போனாலும் ஒட்டிக்கொண்டு, அடுத்த தண்ணீருக்காகக் காத்திருக்கும் முட்டைகள். தேங்காய் நாரும் சாம்பலும் எடுத்து, விரலில் எதுவும் நெருடாமல் போகும்வரை தேய்த்தாள். தேய்த்துவிட்டுப் பானையைக் கல்லின் மேல் வாய் கீழாகக் கவிழ்த்தாள். இனி கால் கழுவ வருகிறவருக்கு அப்போதைக்கப்போது கிணற்றிலிருந்து இறைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தாள்.

முட்டையிடத் தண்ணீர் இல்லாமல் கொசுக்கள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்தன. நாச்சியின் உடம்பில் வியர்வை பூத்தது. ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்து, "பல்லி எங்கே?" என்று கேட்டாள்.

மாடத்தி குளிப்பறைக்கு ஓடினாள். கையை விரித்துக் காட்டினாள். "பாரு, விளக்குமாறு இல்லே. தப்பு என்னுது. இறங்கி வா."

பல்லி அவள் உள்ளங்கைகளைப் பார்த்தது. பிறகு முதுகுக்குப் பின்னால் எதையாவது வைத்திருக்கிறாளா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது. பால்காரனை மாடத்தி பார்ப்பதுபோலவே பார்த்தது.

"ச்சு. ச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்தில் பறந்த ஒரு கொசுவைப் பிடித்துக்கொண்டு கூரைச் சந்துக்குள் போய்விட்டது.

அன்று முதல்தான் குளித்து முடித்ததும் வாளியைத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறோம். நமக்காகக் கொசு பிடிக்கும் பல்லியும் நாம் உள்ளே நுழைந்ததும் சுவரின் உச்சிக்கு ஓடி, முதலில் நம் கையைத்தான் பார்க்கிறது.